மழைநீர் வந்த வழி



வீட்டுக் கூரை ஒழுகினால் உடனே ஆள் வைத்துப் பார்க்கின்றோம். கிணற்றுக் கட்டு இடிந்தால் அன்றே கல் அடுக்குகின்றோம். ஆனால், முற்றத்தில் நிற்கும் பழைய மோட்டார் வண்டிக்குள் மழைநீர் புகுந்தால், "பழைய வண்டிதானே, அப்படித்தான் இருக்கும்" என்று ஒரு துணியைப் போட்டுத் துடைத்துவிட்டு இருந்துவிடுகின்றோம். அங்ஙனம் இருந்துவிட்ட ஒருவன் நான். அதனால் நேர்ந்த நட்டத்தையும், அதன்பின் நான் கற்றுக்கொண்ட பாடத்தையும் இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன். நான் கலைப்பட்டதாரி, பொறியியலாளன் அல்லன். ஆகவே, என்னைப் போன்ற சாதாரணர் தம் கையாலேயே செய்து பார்க்கக்கூடிய காரியங்களை மாத்திரமே சொல்லப் போகின்றேன்.

என்னிடம் இருப்பது 1959 ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட மொறிஸ் மைனர் வண்டி. இரண்டு கதவுகள் உடையது. மொறிஸ் மைனர் முதன்முதலாக 1948 ஆம் ஆண்டு இலண்டன் கண்காட்சியிலே மக்கள் முன் வைக்கப்பட்டது. அதனை வகுத்தவர் அலெக் இசிகோனிஸ் என்பவர். பிற்காலத்தில் மினி என்னும் சிறிய வண்டியையும் வகுத்துப் புகழ்பெற்றவர் அவரே. 1971 ஆம் ஆண்டுவரை பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட மைனர் வண்டிகள் செய்யப்பட்டன. அவற்றுள் நம் நாட்டுக்கு வந்தவையும் பல. இன்றும் நம் தெருக்களில் அவற்றைக் காணலாம்.

என் தந்தையார் ஓர் ஆசிரியர். அவர் இவ்வண்டியை 1966 ஆம் ஆண்டிலே பிறரிடமிருந்து வாங்கினார். 1990 ஆம் ஆண்டின் பின் வடபகுதிக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டிருந்த காலத்தில், இத்தகைய பழைய வண்டிகளே மண்ணெண்ணெயில் ஓடின. புறப்படுவதற்கு மாத்திரம் சில துளி பெற்றோல் வேண்டும். 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதக் கடைசியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தபோது, என் பெற்றோரும் அயல்வீட்டு முதியவர் இருவரும் இவ்வண்டியிலே சென்றனர்; நான் மிதிவண்டியிற் பின்தொடர்ந்தேன். இதனை விற்றுவிடுமாறு பலர் சொல்லியும் நான் விற்காமைக்குக் காரணம் இதுதான்.

இனி நட்டத்தைச் சொல்லுகின்றேன்.

2023 ஆம் ஆண்டு மாரிகாலத்தில், இடப்பக்கத்து முன் ஆசனத்தின் அடியிலே விரிப்பு நனைந்திருப்பதைக் கண்டேன். முன்கண்ணாடியைச் சுற்றியிருந்த றப்பர் வெடித்திருந்தது. நீர் அவ்வழியேதான் வருகின்றது என்று நானே தீர்மானித்துக்கொண்டு, எங்கள் ஊர்க் கராச்சுக்கு வண்டியைக் கொண்டுசென்றேன். கராச்சுக்காரர் என்னிலும் மூத்தவர். நான் அவரை அண்ணை என்று அழைப்பது வழக்கம். அவர் கண்ணாடியைக் கழற்றிப் புதிய றப்பர் இட்டுத் தந்தார். அடுத்த மழைக்கும் விரிப்பு நனைந்தது. மீண்டும் சென்றேன். அவர் பசை பூசித் தந்தார். பின்னரும் நனைந்தது. மூன்றாம் முறை சென்றபோது, "வேலை தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லலாமே" என்று சற்றுக் கடிந்தே பேசிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. "மாஸ்ரர், தண்ணி நிக்கிற இடத்தைப் பாராதையுங்கோ, வந்த வழியைப் பாருங்கோ" என்றார். அது தம் பிழையை மறைப்பதற்குச் சொன்ன சாட்டு என்று எண்ணிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த ஆண்டு, 2024 ஆம் ஆண்டு நவம்பர் மாதம். அம்மாதக் கடைசி வாரத்தில் வடக்கிலும் கிழக்கிலும் பெய்த பெருமழையை நேயர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். உயர்தரப் பரீட்சையையே இடையில் நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. அம்மழைக்குச் சில நாட்கள் முன்னே, எங்கள் பாடசாலையின் பழைய சேர்விடாப்பு ஒன்றை வலயக் கல்வி அலுவலகத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. பிறப்புச் சான்றிதழை இழந்த பழைய மாணவர் ஒருவரின் வயதை உறுதிப்படுத்துவதற்காக அது வேண்டப்பட்டது. பலமுறை இடம்பெயர்ந்த மக்கள் வாழும் ஊர்களில், ஒரு பாடசாலையின் சேர்விடாப்பு வெறும் புத்தகம் அன்று. பிறந்த திகதிக்கும் தந்தை பெயருக்கும் வேறு சாட்சி இல்லாதவர்க்கு அதுவே சாட்சி.

அப்புத்தகத்தைத் துணியிற் சுற்றி, முன் ஆசனத்தின் பின்னால், அடித்தகட்டின் மேல் வைத்தேன். அன்று காலை முதல் மாலைவரை வண்டி பாடசாலை முற்றத்தில் மழையிலே நின்றது. மாலையிற் கதவைத் திறந்து புத்தகத்தை எடுத்தபோது, அதன் கீழ்ப்பாதி நீரிலே ஊறியிருந்தது. அக்காலத்து மை நீரிற் கரையும் மை. இரவு முழுவதும் என் மனைவியும் நானும் தாளுக்குத் தாள் ஒற்றுத்தாள் இட்டு, மின்விசிறியின் கீழ் உலர்த்தினோம். பெரும்பாலான வரிகள் தப்பின. ஆனால், கடைசிப் பக்கங்களில் மூன்று மாணவரின் வரிகள் நீலக் கறையாகக் கலங்கிப்போயின. அவ்வளவு பெறுமதியான புத்தகத்தை ஒழுகும் வண்டியின் அடியில் வைத்தது என் பிழை. நடந்ததை மறுநாளே பாடசாலைச் சம்பவத்திரட்டுப் புத்தகத்தில் என் கையாலேயே எழுதிவைத்தேன்.

அன்றுதான் அண்ணை சொன்ன வார்த்தையின் பொருளை நான் சிந்திக்கத் தொடங்கினேன்.

நேயர்களே, நீர் ஓர் இடத்திற் புகும். வேறோர் இடத்தில் வெளிப்படும். இவ்வொரு விதியை மறவாதிருந்தால் பாதி வேலை முடிந்தது. மேலே கூரைத் துணியின் ஓரமாகப் புகுந்த நீர், துணியின் பின்னால் ஊர்ந்து, தூணின் உட்புறமாக இறங்கி, காலடியிற் சென்று தேங்கும். மின்கம்பியின் வழியாக வழிந்து, புகுந்த இடத்துக்கு இரண்டு முழம் அப்பாலே சொட்டும். வண்டி எப்பக்கம் சரிந்து நிற்கின்றதோ அப்பக்கம் ஓடும். ஆகவே, ஈரத்தைக் கண்ட இடத்திலே பசையைப் பூசுவது, காய்ச்சற்காரனின் நெற்றியிலே மாத்திரம் நீரைத் தெளிப்பது போன்றதாகும்.

வழியைக் காண்பதற்கு முதலில் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று உண்டு.

வண்டி நிற்கும்போது நீர் புகுகின்றதா, ஓடும்போது புகுகின்றதா என்பது முதற்கேள்வி. நிற்கும்போது மாத்திரம் புகுமாயின், குற்றம் பெரும்பாலும் மேற்பகுதியிலே இருக்கும்: கண்ணாடி றப்பர், கதவுகள், துடைப்பான் தண்டு நுழையும் துளை, பின்பெட்டியின் மூடி என்பவற்றைப் பார்க்கவேண்டும். நனைந்த தெருவில் ஓடும்போது மாத்திரம் புகுமாயின், சக்கரம் வாரியிறைக்கும் நீரே காரணம். அடித்தகட்டில் கறள் தின்ற ஓட்டை, மட்காட்டின் உட்புறத்தில் சேறு தங்கி அரித்த இடம், மிதிகள் நுழையும் துளைகள் என்பவற்றை அப்போது ஆராயவேண்டும்.

வண்டி எவ்வாறு சரிந்து நின்றது என்பது இரண்டாம் கேள்வி. முன்பக்கம் தாழ நின்ற நாளில் முன்னே நனைந்து, பின்பக்கம் தாழ நின்ற நாளில் பின்னே நனைந்தால், இரண்டு ஒழுக்குகள் உள்ளன என்று எண்ணிவிடக் கூடாது. ஒரே ஒழுக்கு இரண்டு முகம் காட்டுகின்றது என்றும் கொள்ளலாம்.

அது மழைநீர்தானா என்பது மூன்றாம் கேள்வி. மழையே பெய்யாத நாளிலும் நனையுமாயின் வேறு காரணம் தேடவேண்டும். இக்காலத்துக் குளிரூட்டி பொருத்திய வண்டிகளில், குளிரூட்டியினின்றும் வடியும் நீர் வெளியே செல்வதற்கு ஒரு சிறு குழாய் உண்டு. அதில் தூசி அடைத்துக்கொண்டால் நீர் உள்ளே வடியும். இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீர் கசிந்தால், அது நிறமுடையதாகவும் விரலிற் பிசுபிசுப்பதாகவும் இருக்கும்.

இக்கேள்விகளை என்னையே கேட்டுக்கொண்டேன். என் வண்டி வீட்டில் கொட்டகையின் கீழ் நிற்பது. பாடசாலையில் மாத்திரம் வெட்டவெளியில் நிற்கும். அங்கே முற்றம் பின்பக்கமாகச் சற்றுத் தாழ்ந்தது. ஓடும்போது நனைவதில்லை, நிற்கும்போதே நனைந்தது. ஆகவே அடித்தகடு முதற் காரணம் அன்று என்று தெரிந்தது.

மழை ஓய்ந்த ஒரு சனிக்கிழமை, மகனையும் மகளையும் துணைக்கு வைத்துக்கொண்டு சோதனையைத் தொடங்கினேன். முதலில் ஆசனங்களையும் விரிப்புகளையும் வெளியே எடுத்தோம். விரிப்பின் கீழே சணல் மெத்தை ஒன்று உண்டு. அதனைப் பிழிந்தபோது ஒரு வாளி நீர் வடிந்தது. இம்மெத்தை வாரக்கணக்காக நீரைப் பிடித்து வைத்திருக்கும். மேலே கைவைத்துப் பார்த்தால் உலர்ந்தது போலத் தோன்றும். கீழே தகடு ஓயாமல் நனைந்துகொண்டிருக்கும். அதனால், மெத்தையை எடுக்காமற் செய்யும் சோதனை எதுவும் பயனில்லை. பழைய ஈரத்தைப் புதிய ஒழுக்கு என்று மயங்குவோம்.

இரண்டு நாட்கள் வெயிலிலே உலர்த்திய பின், அடித்தகடு முழுவதும் பழைய செய்தித்தாளைப் பரப்பினோம். செய்தித்தாளில் முதற்றுளி விழுந்தாலும் கறை தெரியும். பின்னர் மகன் கைவிளக்குடன் உள்ளே அமர்ந்தான். நான் வெளியே நின்று, தோட்டத்துக்கு நீர் விடும் குழாயினால் மெதுவாக நீர் விட்டேன். இங்கே இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. முதலாவது, கீழிருந்து மேலே செல்லவேண்டும். மேலேயிருந்து தொடங்கினால் நீர் கீழ்நோக்கி எல்லா இடத்தையும் நனைத்துவிடும். எவ்விடம் குற்றமுடையது என்று அறியமுடியாது. இரண்டாவது, ஓரிடத்தில் ஐந்து நிமிடமாயினும் நீர் விட்டுப் பொறுத்திருந்த பின்னரே அடுத்த இடத்துக்குச் செல்லவேண்டும். வேகமாகப் பீய்ச்சும் இயந்திரங்களைப் பயன்படுத்தலாகாது. அவை நல்ல றப்பரையும் தூக்கிக்கொண்டு உள்ளே புகும்.

அடித்தகட்டின் ஓரம் நனையவில்லை. வலக்கதவு நனையவில்லை. முன்கண்ணாடியைச் சுற்றி கால்மணி நேரம் நீர் விட்டேன். ஒரு துளியும் புகவில்லை. அண்ணை செய்த வேலை பழுதற்றது. அதனை அறிந்த கணத்தில் எனக்கு உண்டான வெட்கத்தை நேயர்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை.

துடைப்பான் தண்டின் அடியிலே சிறு கசிவு தெரிந்தது. ஆனால் அது ஒரு புத்தகத்தை நனைக்கப் போதியது அன்று. கடைசியாக இடக்கதவின் கண்ணாடி மீது நீர் விட்டேன். சில நிமிடம் சென்றபின், "அப்பா, கதவின் அட்டை அடியால் தண்ணி வருது" என்று மகன் உள்ளிருந்து கூவினான். அருகில் நின்ற மகள், "கதவைத் திறக்கேக்கை இளநீர் குலுங்கிற மாதிரிச் சத்தம் கேக்கிறது அதுதானே அப்பா. நான் போன வருசமே சொன்னனான்" என்றாள். அவள் சொன்னது மெய். நான்தான் காதிற் போட்டுக்கொள்ளவில்லை.

கதவின் உட்பக்கத்து அட்டையைக் கழற்றினேன். கதவின் வயிற்றிலே நான்கு விரற்கடை உயரத்துக்கு நீர் நின்றது.

இது எவ்வாறு நேர்ந்தது? கதவுக் கண்ணாடி மேலும் கீழும் இறங்குவதற்கு ஓர் இடைவெளி வேண்டும். அவ்விடைவெளியால் மழைநீர் எப்போதும் சிறிது கதவுக்குள் இறங்கும். அது குற்றம் அன்று. வண்டியை வகுத்தவர்கள் அதனை முன்னரே அறிந்து, அந்நீர் தெருவிலே வடிந்துவிடும்படி கதவின் அடியில் துளைகளை வைத்திருக்கின்றார்கள். நீர் புகுவதை முற்றாகத் தடுப்பதன்று அவர்கள் வழி. புகுந்த நீருக்குப் போக்குக் கொடுப்பதே அவர்கள் வழி.

என் வண்டியின் இடக்கதவில் அத்துளைகள் அடைபட்டிருந்தன. சேற்றினால் அன்று, பசையினால். அடைத்தவனும் நானே. 2022 ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது வண்டி மாதக்கணக்காக ஓடாமல் நின்றது. பொழுதுபோக்காக அதனைக் கழுவித் துடைத்த ஒரு நாளில், இடக்கதவின் அடியிலிருந்து எறும்புகள் வரிசையாக ஏறுவதைக் கண்டேன். "இத்துளைகள் எதற்கு?" என்று யாரையும் கேளாமல், கையில் இருந்த பசையினால் அடைத்துவிட்டேன். எறும்பு நின்றது. நீரும் நின்றது, கதவுக்குள்ளேயே நின்றது. நிரம்பியபின் உட்தகட்டின் திறப்பினால் வழிந்து, அட்டையை நனைத்து, பின்பக்கம் தாழ்ந்த முற்றத்திலே பின்னோக்கி ஓடி, ஆசனத்தின் பின்னே இருந்த சேர்விடாப்பைச் சென்றடைந்தது.

குற்றம் கண்ணாடியில் இல்லை, கராச்சுக்காரரிடம் இல்லை, என் கையிலே இருந்தது.

இனித் திருத்தம் செய்த முறையைச் சொல்லுகின்றேன். பசையைக் கிளறி எடுத்து, துளைகளைக் கம்பியினாற் சுத்தம் செய்தேன். கதவின் உட்புறத்தை உலர்த்திக் கறளைச் சுரண்டி, கறள் தடுக்கும் பூச்சும் அதன் மேல் மெழுகெண்ணெயும் பூசினேன். கண்ணாடியின் வெளிப்புறத்து அடியிலே நீரை வழிக்கும் றப்பர்ப் பட்டியைப் புதிதாக மாற்றினேன். அட்டைக்கும் தகட்டுக்கும் இடையே தடித்த பொலித்தீன் தாளை ஒட்டி, அதன் அடிவிளிம்பைக் கதவுக்குள் வளைத்துவிட்டேன். தாளில் படும் நீர் மீண்டும் கதவுக்குள்ளேயே விழுந்து துளையால் வெளியேறும். துடைப்பான் தண்டுக்கு இரண்டு சிறு றப்பர் வளையங்கள் போதுமாயின. இவை அனைத்துக்கும் ஆன செலவு, நான் முன்கண்ணாடிக்குச் செலவிட்டதிலும் மிகக் குறைவு.

கதவு நன்றாகப் பொருந்துகின்றதா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. ஒரு தாளைக் கதவின் இடையில் வைத்துச் சாத்திவிட்டு இழுத்துப் பாருங்கள். இறுக்கமாக வந்தால் றப்பர் நன்று. தளர்வாக வந்தால் அவ்விடத்தில் றப்பர் பிடிக்கவில்லை. ஆசிரியர்களாகிய நமக்கு இன்னும் எளிதான வழி: றப்பரில் வெண்கட்டியைத் தேய்த்துக் கதவைச் சாத்தித் திறந்தால், எதிர்த் தகட்டிலே வெள்ளைக் கோடு விழும். கோடு அறுந்த இடமே குற்றமுள்ள இடம்.

பசை வாங்கும்போது ஒன்றைக் கவனிக்கவேண்டும். வினாகிரி மணக்கும் சிலிக்கன் பசையை வெறுந்தகட்டிற் பூசலாகாது. அது உலரும்போது வெளிவிடும் அமிலம் தகட்டைக் கறள்பிடிக்கச் செய்யும். கண்ணாடி றப்பருக்கென்று, என்றும் இறுகாமல் மென்மையாக இருக்கும் பசை கிடைக்கின்றது, அதுவே தக்கது. எல்லாவற்றினும் முக்கியமானது, ஒரு துளையை அடைக்குமுன் அது ஏன் வைக்கப்பட்டது என்று கேட்பதாகும். புதிய வண்டிகளிலும் இதே கதைதான். முன்கண்ணாடியின் அடியிலே உள்ள வாய்க்காலில் மாவிலையும் வேப்பஞ்சருகும் அடைத்துக்கொண்டால், நீர் வழிந்து உள்ளே புகும். ஆண்டுதோறும் ஐப்பசி பிறக்குமுன் அவ்வாய்க்காலைச் சுத்தம் செய்வது நன்று. இக்காலத்து வண்டிகள் சிலவற்றில் ஆசனத்தின் அடியிலும் விரிப்பின் கீழும் மின்னியல் கருவிகள் இருக்கின்றன. அவை நனைந்தால், திருத்தும் செலவு பன்மடங்காகும்.

இன்னும் ஒரு செய்தி. விரிப்பை எடுத்தபின், அடித்தகட்டைத் திருப்புளியின் பிடியினால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அரித்த தகடு மந்தமாக ஒலிக்கும். மொறிஸ் மைனர் போன்ற வண்டிகளுக்குத் தனியான சட்டகம் இல்லை. உடலும் அடித்தகடுமே பாரத்தைத் தாங்குகின்றன. ஆகவே அடித்தகட்டின் ஓட்டையை வெறும் அழகுக்குறை என்று கருதலாகாது. ஆசனம் பூட்டிய இடம் அரித்துவிட்டால், தடுப்பை மிதிக்கும் வேளையில் ஆசனமே பெயர்ந்து உயிருக்கு ஆபத்தாகலாம். ஓட்டையின் மேல் தாரைப் பூசி மறைப்பது தீங்கு. தாரின் கீழே நீர் தங்கி அரிப்பு வளரும். அரித்த பகுதியை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வதே முறை. அதனைத் தொழில் தெரிந்தவரிடமே விடவேண்டும். என் வண்டியிலும் உள்ளங்கை அளவான இடம் ஒன்று அரித்திருந்தது.

அதனைத் திருத்துவதற்கு அண்ணையிடமே சென்றேன். சென்றவுடன் வேலையைச் சொல்லவில்லை. முதலில் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் கையிலிருந்த எண்ணெயைத் துணியிலே துடைத்தபடி சிரித்தார். "ஓட்டையெண்டால் எல்லாம் பழுதில்லை மாஸ்ரர். சிலதைத் திறந்துதான் வைக்கவேணும்" என்றார். பின்னர் அடித்தகட்டைப் பார்க்கக் குனிந்துவிட்டார்.

முப்பது ஆண்டுகளாக வகுப்பறையில் நின்றவன் நான். ஒரு பிள்ளை கணக்கிலே தவறினால், கணக்கிலேதான் குறை என்று எண்ணி மேலும் மேலும் கணக்கையே புகட்டியிருக்கின்றேன். அவன் காலையில் உண்ணாமல் வந்தான் என்பதை மாதங்கள் சென்றபின் அறிந்திருக்கின்றேன். கரும்பலகை தெரியாமையினால் பிழை விட்டவளைக் கவனமில்லாதவள் என்று ஏசியிருக்கின்றேன். நோயைக் கண்டவன் அதன் காரணத்தை ஆராயவேண்டும் என்று வள்ளுவர் மருத்துவருக்குச் சொன்ன விதியை எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதிப் படிப்பித்தவன், அதனை ஒரு கதவின் அடியிலே கற்றுக்கொண்டேன்.

சேர்விடாப்பின் கதையைச் சொல்லி முடிக்கின்றேன். கலங்கிப்போன மூன்று வரிகளில் இரண்டை, பழைய வரவு இடாப்புகளோடும் அக்காலத்து ஆசிரியர் ஒருவரின் நினைவோடும் ஒப்புநோக்கி மீட்டுக்கொண்டோம். மூன்றாவது வரி இன்னும் கிடைக்கவில்லை. சேர்விலக்கம் தெரிகின்றது, பெயரின் முதலெழுத்து மாத்திரம் தெரிகின்றது. அந்தப் பிள்ளை இப்போது எங்கோ ஓர் ஊரில் ஐம்பது வயதினராக வாழ்ந்துகொண்டிருக்கலாம். என்றாவது ஒரு நாள் அவர் வந்து தம் வரியைக் கேட்டால் என்ன சொல்வது என்று அவ்வப்போது எண்ணுவேன். அதற்காக அப்பக்கத்தில் ஓர் அடையாளத் தாளை வைத்திருக்கின்றேன்.

சென்ற மாரியில் வண்டி முற்றத்து மழையிலே பல நாட்கள் நின்றது. விரிப்பு உலர்ந்தே இருந்தது. எனினும், பாடசாலைப் புத்தகம் எதனையும் நான் இப்போது அடித்தகட்டின் மேல் வைப்பதில்லை.

நேயர்களே, அடுத்த மழைக்கு முன் உங்கள் வண்டியின் விரிப்பை ஒருமுறை தூக்கிப் பாருங்கள். கதவின் அடித்துளைகள் திறந்திருக்கின்றனவா என்றும் விரலால் தடவிப் பாருங்கள்.